ராசம்மாள் கல்லுக்கு வயசு ஏறிய கதை

இரண்டு சர்க்காரும் ஒன்று சேர்ந்து ஊருக்கு ஒரு நல்லது செய்யப்போகின்றன என்று செய்தி வந்த அன்றைக்கே, அலியார் ராவுத்தர் தன் டீக்கடை பெஞ்சை ரோட்டோரத்திலிருந்து உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு சர்க்கார் வந்தா பெஞ்சு போகும். ரெண்டு சேந்து வந்தா கடையே போகும்" என்றார். அடிபட்ட மனிதர்.

சென்னிமலைக்கு அந்தப் பயம் இல்லை. உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ள அவரிடம் ஒன்றும் கிடையாது. கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிக்குப் போகிற ரோட்டில், எல்லைச் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் இப்பாலே இருக்கிற தேங்காய்க் களங்களில் நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சுமை தூக்குகிறவர். தன்னுடையது என்று அவர் சொல்லிக்கொள்ள ரோட்டோரத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. அதை யாரும் எங்கேயும் இழுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நட்ட கல் இரண்டு, அதன்மேல் படுக்கவைத்த கல் ஒன்று, ஆள் மார்பு உயரம். தலைச்சுமையோடு வருகிறவன் அடுத்தவன் கையை எதிர்பார்க்காமல் அதன்மேல் சுமையைத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். கிளம்பும்போது தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போகிற பெண்ணுக்கு அப்படி ஒரு கல் நட்டுவைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சுமையோடு போய்விட்டவள். வழிப்போக்கர்களின் சுமை அந்தக் கல்லில் இறங்க இறங்க, அவள் சுமையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

சென்னிமலையின் மனைவி ராசம்மாள் ஒன்பதாம் மாசத்தில், பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பில், சரியாக அந்த இடத்தில் போய்ச் சேர்ந்தாள். முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. காரியம் முடிந்த பதினேழாம் நாள் கல்குழியிலிருந்து வண்டி கட்டிக் கல்லைக் கொண்டுவந்து நட்டார். மேல்கல்லின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையைப் பிடித்தவர் ராசம்மாளின் அண்ணன் கருப்புசாமி. தூக்கிவைத்துவிட்டு இரண்டு பேரும் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இப்போது யார் தலைச்சுமை தூக்குகிறார்கள்? எல்லாம் குட்டியானை வண்டி. அதனால் சென்னிமலையே தினமும் எதையாவது தூக்கிக்கொண்டு போவார். ஆட்டுக்குப் புல்லுக்கட்டு, அடுப்புக்கு மட்டைக் கட்டு. ஆடு இல்லாத வருஷங்களிலும் புல்லுக்கட்டு போனது. கல் வெறுங்கல்லாக ஒரு நாளும் நின்றதில்லை.

இரண்டு சர்க்காரும் சேர்ந்து அமைத்த கூட்டுக்குழுவின் முழுப் பெயர், எல்லையோரப் பாரம்பரியப் பாதுகாப்பு மற்றும் சுற்றுலா மேம்பாட்டு இருமாநில ஒருங்கிணைப்புக் குழு. பெயர் வைப்பதற்கே மூன்று கூட்டம் ஆனதாம். எந்த மாநிலமும் விருந்தாளியாகிவிடக் கூடாது என்பதால் எல்லைக்கோட்டின் மேலேயே மேசையைப் போட்டார்கள். இரண்டு கால் கேரளத்தில், இரண்டு கால் தமிழ்நாட்டில். டீ இந்தப் பக்கத்திலிருந்து போகும், வடை அந்தப் பக்கத்திலிருந்து வரும். வடை வர நேரமானால் டீ ஆறும் வரை காத்திருப்பார்கள். ஒற்றுமை என்றால் அப்படி.

குழுவில் தமிழ்நாட்டு அதிகாரி பூபதிராஜா. கேரளத்துக்கு ஜின்சன். பாதுகாக்கப் பழைய சின்னம் தேடி வந்த முதல் நாளே இரண்டு பேரும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"முந்நூறு வருஷத்துக்குக் குறையாது" என்றார் பூபதிராஜா.

"முந்நூறா? சாரே, ஐந்நூறுக்குத் தாழ உள்ளது ஒண்ணும் எங்க லிஸ்ட்டுல ஏறாது."

"அப்போ அறுநூறு போட்டுக்கலாம். எங்களுக்கும் ஆட்சேபனை இல்லை."

புல்லுக்கட்டோடு வந்த சென்னிமலை கல்லில் சுமையைத் தள்ளிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஏனுங்க, இது முப்பத்தி நாலு வருசமுங்க. நாந்தானுங்க நட்டேன். எம் பொண்டாட்டிக்கு."

இரண்டு அதிகாரிகளும் அவரை மிகுந்த கனிவோடு பார்த்தார்கள். ஜின்சன் நோட்டில் எழுதிக்கொண்டார்: இந்தக் கல்லைப் பற்றி உள்ளூர் மக்களிடையே சுவையான வாய்மொழிக் கதைகள் வழங்கிவருகின்றன.

அடுத்த மாதம் எழுத்து நிபுணர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். மேல்கல்லில் 'ராசம்மாள்' என்று ஒரு வார்த்தை இருந்தது. ஐம்பது வயதில் சாக்ஷரதா வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்ட சென்னிமலை, முதல்முதலாகத் தானே உளியெடுத்துக் கொத்திய வார்த்தை. கொத்தி முடிக்க நாலு நாள் ஆனது.

நிபுணர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். "எழுத்துகளுக்கு இன்னும் நிற்கத் தெரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன. பள்ளிக்கூடம் போன கை இப்படி எழுதவே எழுதாது."

"போகலீங்க" என்றார் சென்னிமலை.

"பள்ளிக்கூடமே இல்லாத காலம்!"

"ஆமாங்க. எங்க காலத்துல இங்க பள்ளிக்கூடம் இல்லீங்க."

"பார்த்தீர்களா, இவரே ஒத்துக்கொள்கிறார்" என்று நிபுணர் அதிகாரிகள் பக்கம் திரும்பினார். கல்லுக்கு அன்று மாலையே ஆயிரத்து நூறு வயது ஆனது. ராசம்மாள் அரசியானாள்.

அலியார் கடையில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் சிரித்து முடித்ததும், சென்னிமலை டீயைக் குடிக்காமலே எழுந்து கருப்புசாமியின் வீட்டுக்கு நடந்தார். கருப்புசாமிக்கு இப்போது பதினெட்டு ஏக்கர் தென்னை. பேசினால் நாலு பேர் கேட்பார்கள்.

"மச்சான், நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க. மேக்கல்லோட அந்த முனையப் புடிச்சது நீங்கதான?"

"நான் பாத்துக்கறேன் மாப்ள. பெரிய ஆபீசருங்ககிட்ட நீ போய்ப் பேசப்படாது. உனக்குப் பேச வராது. ஒண்ணு சொன்னா ஒண்ணு ஆயிப்போகும்."

அது உண்மைதான் என்று சென்னிமலைக்குப் பட்டது. சொல்லப்போய்த்தானே ஆயிரத்து நூறு ஆனது. நிம்மதியாகத் திரும்பினார். கல்லைச் சேர்ந்து தூக்கிய ஆள். அவரை நம்பாமல் யாரை நம்புவது?

ஒரு வாரத்தில் கல்லைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தார்கள். உள்ளே பாதுகாப்புப் பணி நடப்பதாகச் சொன்னார்கள். சென்னிமலை புல்லுக்கட்டோடு போய்த் தகரத்தின் முன்னால் நின்றார். காவலாளி விரட்டினான். மறுநாளும் போனார். மறுநாளும் விரட்டினான். சுமையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிவந்து, பக்கத்து வீட்டுக்காரி கோமதியைக் கூப்பிட்டு இறக்கினார். நாற்பத்தோரு நாள் இப்படியே போனது. படுத்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறவள் கண்ணுக்குள் வந்தாள்.

நாற்பத்திரண்டாம் நாள் தகரத்தின் வெளியே ஒரு பலகை வைத்தார்கள். மூன்று பாஷை. சென்னிமலை தமிழின் முன்னால் நின்று எழுத்தெழுத்தாக, விரலை வைத்துப் படித்தார். மத்தியானம் தொடங்கி வெயில் சாய்கிற வரை ஆனது.

சேர நாட்டில் பிறந்து கொங்கு நாட்டைத் தன் இன்னொரு தாயகமாக எண்ணிய அரசி ராசம்மாள் தேவியார், இரு நாட்டு நட்புக்காகத் திருமணமே செய்துகொள்ளாமல் வாழ்ந்து, சுமை தூக்கும் ஏழைகள்மீது இரக்கம் கொண்டு இந்தக் கல்லை நாட்டினார். தகவல் உதவி, தேவியாரின் வம்சாவளியினர் திரு. கருப்புசாமி அவர்கள்.

கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் படித்தார். தான் கற்றுக்கொண்ட எழுத்தில் எங்கோ பிசகு என்று நினைத்தார். அலியாரைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னார். அலியார் படித்துவிட்டு அவர் தோளில் கை வைத்தார். பிசகு இல்லை என்று தெரிந்தது.

கருப்புசாமி ஊஞ்சலில் இருந்தார்.

"மச்சான், கல்யாணமே ஆவலீன்னு போட்டிருக்குதுங்க."

"அதா? அது வந்து மாப்ள, புருசன்னு ஒருத்தனப் போட்டா அவன் எந்தப் பக்கத்து ஆளுன்னு கேள்வி வருதாமா. இந்தப் பக்கம்னா அவங்களுக்குக் கோவம், அந்தப் பக்கம்னா இவங்களுக்குக் கோவம். ரெண்டு கூட்டம் பேசிப் பாத்துட்டு, வேண்டாம்னு எடுத்துப்போட்டாங்க. உம்மேல ஆருக்கும் ஒண்ணும் இல்ல."

"வயித்துல இருந்துதுங்களே."

கருப்புசாமி ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். "கல்யாணத்த எடுத்தா அதும் போயித்தான மாப்ள ஆவோணும். கல்யாணமாவாத அரசிக்கு அதையும் போட்டா நல்லாவா இருக்கும்? நம்ம ஊட்டு மானமில்ல?"

கூலிக்காரனுக்குத் தங்கச்சியைக் கொடுத்தோம் என்று கருப்புசாமிக்கு எப்போதும் ஒரு குறை உண்டு. ஆயிரத்து நூறு வருஷம் பின்னால் போய் அதைச் சரிசெய்துகொண்டார்.

"உனக்கு நான் ஒண்ணும் செய்யாம உடலீ" என்றார் கருப்புசாமி. "இனிமே அந்தக் கல்ல ஆரும் தொடப்படாது. ஆனா தெறப்பு விழாவுல பழங்காலத்துச் சுமைக்காரன்னு ஒருத்தன் சுமையோட வந்து நிக்கோணுமாம். சினிமா ஆளக் கூட்டியாறோம்னாங்க. நாந்தான், நம்மகிட்ட ஒரு ஆளு இருக்குதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

சென்னிமலை சரி என்றார். மானத்துக்காகவோ மச்சானுக்காகவோ அல்ல. அந்த ஒரு நாளாவது சுமையோடு கல்லின் பக்கத்தில் போகலாம்.

ஒத்திகை ஐந்து நாள் நடந்தது, டீக்கடைப் பக்கத்து மைதானத்தில், ஒரு பெஞ்சைக் கல்லாக வைத்து. அது அலியாரின் பெஞ்சு. சும்மாடு சுற்றித் தலையில் வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கக் கல்லூரியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். நாற்பது வருஷத்துத் தலை அவர் சொன்னபடி இடதும் வலதும் திரும்பிக் காட்டியது. "நடையில் இன்னும் உண்மை வேண்டும்" என்றார் பயிற்சியாளர். அந்தக் காலத்தில் செருப்பு இல்லை என்று செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உடம்பு மினுங்க எண்ணெய் தடவினார்கள். கழுத்தில் அடையாள அட்டை மட்டும் கழற்றக் கூடாது.

ஜின்சன் ஸ்கேலோடு நின்றார். "சேட்டா, நல்லாக் கேட்டுக்கணும். சுமையைக் கல்லுமேல வெக்கண்டா. வெக்கிற மாதிரி கொண்டுபோய், ஒரு இன்ச் மேல நிறுத்தணும். போட்டோ எடுத்ததும் திரும்பி நடக்கணும்."

"வெக்கக் கூடாதுங்களா?"

"வெச்சா ஸ்மாரகத்துக்கு, அதான் நினைவுச்சின்னத்துக்கு, கேடாகும்."

"அது வெக்கறதுக்குத்தானுங்களே கல்லு."

"அது அன்னத்தெ பழைய காலம்" என்றார் ஜின்சன். அந்த ஒரு அங்குலமும் லேசில் வந்ததில்லை. தமிழ்நாடு இரண்டு கேட்டது, கேரளம் அரைதான் என்றது. அதற்கென்றே போட்ட எட்டாவது கூட்டத்தில்தான் சமரசம் ஆனது.

மூட்டைக்குள் பஞ்சு. ஆள் அசதியில் தடுமாறிக் கல்லில் இடித்துவிட்டால் என்ன ஆவது என்று யோசித்துச் செய்தது.

விழா அன்று காலையில் சென்னிமலை அந்தப் பஞ்சை வீட்டிலேயே கொட்டிவிட்டு, சாக்கில் உரித்த தேங்காயாக எழுபது போட்டு வாயைத் தைத்தார். அரசியோ, தேவியோ, பலகையில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். இன்றைக்கு ஒரு சுமை அவள் கல்லில் இறங்கிவிட வேண்டும். அப்புறம் போலீசில் பிடித்துக் கொடுத்தாலும் சரி.

தலைக்கு ஏற்றிவிட அலியார் கை கொடுத்தார். பிடித்தவுடன் கண்ணை உயர்த்தினார். "என்னடா சென்னிமலை, பஞ்சு இந்தக் கனம் கனக்குது?"

"நனஞ்ச பஞ்சுங்க ராவுத்தரே."

அலியார் அவரைப் பார்த்தார். பிறகு தன் தோள்துண்டையும் உருவிச் சும்மாட்டுக்கு அடியில் செருகிவிட்டார். "விழுந்துராத. உனக்கு அறுவத்தி மூணு வயசு, ஆயிரத்தி நூறு இல்ல."

நிகழ்ச்சி நிரலில் சுமை இறக்குவது பத்தாவது. அதற்கு முன்னால் ஒன்பது பேச்சு. சுமைக்காரன் ஆரம்பத்திலிருந்தே பார்வையாளர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும் என்று அவரை மேடைக்குக் கீழே, வெயிலில் நிறுத்தினார்கள். கல் பட்டுத்துணியால் மூடியிருந்தது. மேடையில் கருப்புசாமி சரிகைத் துண்டோடு, இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

ஏழு பேச்சு முடிவதற்குள் கழுத்து நரம்பு கல்லாகிவிட்டது. எட்டாவதாக ஜின்சன் எழுந்தார்.

"எங்க குழு இதுவரை செஞ்சதுல எனக்கு ரொம்ப அபிமானம் உள்ளது பீர்மேட்டு லயன். தோட்டத் தொழிலாளிங்க தங்கித் தாமசிச்ச பழைய வரிசை வீடு. நாங்க போகும்போது உள்ளே பதினாறு குடும்பம்! அடுப்புப் புகை, துணி காயப்போட ஆணி, சுவரெல்லாம் பிள்ளைகளோட எழுத்து. எவ்வளவு நாசம், ஆலோசிச்சுப் பாருங்க. எல்லாரையும் மாத்தி, கட்டிடத்தை ரக்ஷிச்சோம். இப்போ உள்ளே தொழிலாளி பொம்மை வெச்சிருக்கு. பட்டனை அமுக்கினா அசல் தொழிலாளி மாதிரியே இருமும்."

நல்ல கைதட்டல். சென்னிமலைக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. இன்னும் ஒரு பேச்சு.

பூபதிராஜா மைக்கைத் தட்டினார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! ஆயிரத்து நூறு ஆண்டுப் பொக்கிஷத்தை ரோட்டோரத்தில், மழையிலும் வெயிலிலும், கண்டவர் புல்லுக்கட்டை வைக்கும்படி விட்டுவைத்திருந்தது நம் எல்லோருக்கும் வெட்கக்கேடு. அந்த அவலத்துக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறோம். அசல் கற்களைப் பத்திரமாகப் பெயர்த்துவிட்டோம். வலக்கால் கல் சென்னைக் கிடங்குக்குப் போய்விட்டது. இடக்கால் கல் திருவனந்தபுரம் கிடங்குக்கு. மேல்கல் யாருக்கு என்பதை ஒரு சண்டை சச்சரவும் இல்லாமல் ஒன்பது கூட்டங்களாகத் தள்ளிவைத்திருக்கிறோம். அதுவரை அது செக்போஸ்ட் கொட்டகையில், இரண்டு பூட்டுக்குள். ஒரு சாவி அவர்களிடம், ஒரு சாவி எங்களிடம். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்தால்தான் கதவு திறக்கும்! ஒற்றுமைக்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? இங்கே நீங்கள் காணப்போவது உயர்ரக ஃபைபர் நகல். வெயிலோ மழையோ மனிதனோ இனி இதை ஒன்றும் செய்ய முடியாது. பெயர்த்தெடுக்க முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வம்சாவளி ஐயா கருப்புசாமி அவர்களுக்கு நம் நன்றி!"

கருப்புசாமி எழுந்து கும்பிட்டார். பட்டுத்துணியை இழுத்தார்கள்.

கல் அப்படியேதான் இருந்தது. எழுத்துகூட அப்படியே, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு. "இப்போது பாரம்பரியச் சுமைக்காரர்" என்று அறிவித்தார்கள். மத்தளம் அடித்தார்கள். சென்னிமலை நடந்தார். கிட்டே போய், ஒரு கையைச் சுமையிலிருந்து எடுத்து மேல்கல்லின் மீது வைத்தார். உச்சிவெயிலில் கல் சுட வேண்டும். சுடவில்லை. லேசாக அழுத்தினார். கல் உள்ளே அமுங்கி, கையை எடுத்ததும் எழுந்துகொண்டது. இதன்மேல் எழுபது தேங்காயை வைத்தால் தரையில்தான் போய் நிற்கும்.

அவர் ஓர் அங்குலம் மேலே நிறுத்தவில்லை. ஒன்றுமே செய்யவில்லை. மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

"மச்சான்," என்றார். "தலை தாங்கலீங்க. ஒரு கை புடிங்க, எறக்கோணும்."

மைக் பக்கத்தில் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. கருப்புசாமி பாதி எழுந்தார். எழுந்த இடத்திலேயே பூபதிராஜாவைப் பார்த்தார். பூபதிராஜா ஜின்சனைப் பார்த்தார். ஜின்சன் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சொந்தமா?" என்று பூபதிராஜா குனிந்து கேட்டார். "மச்சான்ங்கறாரே."

கருப்புசாமி சரிகைத் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"இல்லீங்க. களத்துல தேங்கா தூக்க வர்ற ஆளுங்க. அவிங்களுக்கு எல்லாருமே மச்சான்தான்."

மேடை சிரித்தது. கூட்டமும் சிரித்தது. சென்னிமலை சுமையோடு ரோட்டில் இறங்கி நடந்தார். கூட்டம் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது. "இப்ப நடையில உண்மை வந்திருக்கு" என்று பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அலியார் கடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "எறக்குடா. நான் புடிக்கறேன்."

"வேண்டாங்க ராவுத்தரே. கீழ வெக்கற சுமை இல்லீங்க இது."

செக்போஸ்ட் கொட்டகை அரை மைல். வாசலில் ஆளுக்கொரு மாநிலத்துப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் ஒரே பேப்பரைப் பாதி பாதியாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். கதவில் இரண்டு பூட்டு.

"உள்ள ஒரு கல்லு இருக்குதுங்க. இந்தச் சுமைய அதும்மேல ஒரு வாட்டி வெச்சு எடுத்துட்டுப் போயர்றனுங்க."

"சாவி எங்ககிட்ட இல்லீங்களே பெரியவரே" என்றார் தமிழ்நாட்டுப் போலீஸ்காரர். "அடுத்த கூட்டத்துக்குத்தான் கொண்டாருவாங்க."

"எப்பங்க கூட்டம்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தேதி நிச்சயிக்க முதல்ல ஒரு கூட்டம் போடணும்னு கேள்விப்பட்டேன்" என்றார் கேரளத்துப் போலீஸ்காரர். சென்னிமலையின் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, எழுந்து வந்தார். "கழுத்து ஒடிஞ்சிரும் சேட்டா. நாங்க ரெண்டு பேரும் புடிக்கறோம். தாழ இறக்கி வெச்சுட்டு உக்காருங்க."

சென்னிமலை தலையை அசைக்கவில்லை. அசைக்கவும் முடியாது. கதவுக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றார். கதவுப் பலகைக்கு அப்பால், ஒரு முழத் தூரத்தில், மேல்கல் தரையில் கிடந்தது. போலீஸ்காரர்கள் பேப்பரை மடித்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அந்நேரம் விழாப் பந்தலில் சாப்பாட்டுப் பந்தி முடிந்திருந்தது. கூட்டக் குறிப்பை மூன்று பாஷையிலும் எழுதி மேசையில் வைத்தார்கள். பாரம்பரியச் சுமை இறக்கும் நிகழ்ச்சி இனிதே நடந்தேறியது, சுமை முறைப்படி இறக்கிவைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. பூபதிராஜா கையெழுத்துப் போட்டார். ஜின்சன் போட்டார். இதெல்லாம் கண்ணால் கண்டதாகக் கீழே ஊர் சாட்சி ஒன்று வேண்டியிருந்தது. கருப்புசாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மூன்று பிரதியிலும் போட்டுக் கொடுத்தார்.